எரியும் பாதமும் பேசாத பாதமும்

காஞ்சிபுரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: "என் மகன் ஓய்வு நாள்களில் அதிகாலையில் எழுந்து, வாலாஜாபாத் சாலையில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறான். அண்மையில் காலணியோடு பூட்டிக்கொள்ளும் புதுவகைப் பெடலைப் பொருத்தினான். ஒரு மணி நேரம் ஓட்டினால் பாதம் நெருப்பாய் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்கிறான். அவன் தந்தை 30 ஆண்டுகளாகக் குழித்தறியில் நெய்பவர். 10 ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. 'வெறுங்காலால் மிதி மிதிக்கும் எனக்கு ஒரு நோவும் இல்லை. இவனுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?' என்று நகைக்கிறார். மகனுக்கு என்ன செய்வது?"

அம்மையீர், மகனின் துன்பத்தை முதலில் பார்ப்போம். அது பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியதே.

பந்தய வீரர்கள் முற்காலத்தில் பாதத்தைப் பெடலின் மீது கிளிப்பாலும் வாராலும் பிணைத்துக்கொண்டனர். பிரான்சு நாட்டின் லுக் நிறுவனம் 1984இல், பனிச்சறுக்குக் காலணியைப் பூட்டும் முறையைத் தழுவிப் புதிய பெடலை வெளியிட்டது. மறு ஆண்டே பெர்னார் ஈனோ அத்தகைய பெடலோடு டூர் டி பிரான்சு பந்தயத்தில் வென்றார். பழைய கிளிப் இதில் இல்லாமையால் 'கிளிப்லெஸ்' என்ற பெயர் நிலைத்தது. காலணியின் அடியில் திருகப்பட்ட 'கிளீட்' என்னும் சிறு கட்டை பெடலில் பொருந்திப் பூட்டிக்கொள்கிறது.

செருப்பணிந்து சாதாரணப் பெடலை மிதிப்பவர், தம்மை அறியாமலே பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்கிறார். பூட்டிய பாதத்துக்கு அந்த உரிமை இல்லை. நிமிடத்துக்கு 80 சுற்று என்றால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பாதமும் 4,800 முறை ஒரே இடத்தில் அழுந்துகிறது. விரல்களுக்குப் பின்னேயுள்ள மேட்டில் நீண்ட எலும்புகள் ஐந்து உள்ளன. அவற்றினிடையே விரல்களுக்குச் செல்லும் நரம்புகள் ஓடுகின்றன. வெயிலிலும் உழைப்பிலும் பாதம் சற்று வீங்கும். காலணி குறுகலாயின் எலும்புகள் நெருங்கி நரம்பை நசுக்கும். எரிச்சலும் மரப்பும் அதனால் வருபவை. நெடுநாள் கவனியாவிடில், பெரும்பாலும் மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே நரம்பு தடித்துவிடுவதும் உண்டு. 1876இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் மார்ட்டனின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது.

மகன் செய்யவேண்டியவை சில. கிளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கமாக நகர்த்திப் பொருத்தட்டும். மேட்டின் மீது விழும் சுமை குறையும். காலணியை மாலையில், பாதம் சற்றுப் பருத்திருக்கும் வேளையில் வாங்க வேண்டும். விரல்கள் விரிந்து கிடக்க முன்பகுதி அகலமாயிருத்தல் நன்று. ஓட்டத்தின் நடுவே வாரைத் தளர்த்தலாம். கடினமான கியரில் முக்கி மிதிப்பதைவிட, இலகுவான கியரில் விரைந்து மிதிப்பது பாதத்துக்கு இதம். இத்தனைக்குப் பின்னும் மரப்பு தொடர்ந்தால், அல்லது வண்டியை விட்டிறங்கிய பின்பும் நீடித்தால், மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

இனி, அம்மையீர், தாங்கள் கேளாத கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது மகனின் பாதமன்று, தந்தையின் பாதமே.

நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நோய் நரம்பைக் கெடுத்து வலியுணர்வை அழிக்கிறது. வலி தெரியாமையால் அடிபட்ட இடமே மீண்டும் மீண்டும் அடிபட்டு அழிகிறது என்று அவர் காட்டினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. பாதத்தைக் கெடுக்க முள்ளோ ஆணியோ வேண்டியதில்லை. சிறிய அழுத்தமே ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் போதும், புண் உண்டாகும். உணர்வுள்ளவர் வலித்ததும் நடையை மாற்றிக்கொள்வார். உணர்வற்றவர் மாற்றுவதில்லை.

நீண்டகாலச் சர்க்கரை நோயும் இதே முறையில் பாதத்தின் உணர்வைத் திருடக்கூடும். தங்கள் மகனின் பாதம் கூக்குரலிடுகிறது. ஆகவே அவர் வண்டியை நிறுத்துகிறார். தந்தையின் பாதத்தில் நோவில்லாதது நலத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். உணர்வு மங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். சோதிக்காமல் சொல்ல இயலாது. சோதனை மிக எளியது: மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். சில நிமிடங்களே ஆகும், வலியும் இல்லை.

அதுவரை வீட்டில் சில ஒழுங்குகள் வேண்டும். ஒவ்வோர் இரவும் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பாருங்கள். சிவப்பு, வெப்பம், கொப்புளம், வெடிப்பு இவற்றில் ஒன்று கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. தறியின் மிதியில் சிராய் இல்லாதபடி இழைத்து, மேலே மெத்தென்ற துணியைச் சுற்றலாம். குழியில் ஈரமின்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டா. சூடு தெரியாமல் வெந்துபோனவர் பலர். வெறுங்கால் நடையும் கூடாது. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொள்ளும் நம் குடும்பத்தாரும் இதை மனத்திற்கொள்க. வெயிலில் காய்ந்த தார்ச்சாலை உணர்விழந்த பாதத்துக்கு அடுப்பே. எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்கும் நுண்துளை ரப்பர்ச் செருப்பு அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும். வேலூரில் தொழுநோயாளருக்காக வளர்ந்த இக்காலணியே இன்று நீரிழிவு நோயாளருக்கும் துணை நிற்கிறது.

வலியை நாம் பகையாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். மருத்துவர் பிராண்டோ அதை ஒரு கொடை என்றார். அக்கொடை வாய்த்த மகனுக்குக் கிளீட்டை நகர்த்தத் திருகுளி போதும். தந்தையை மட்டும் இவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மறுத்து நகைத்தாலும் விடாதீர்கள்.