அசோலாவும் அது வளரும் ஜலமும்

ஜலத்தில் மிதக்கும் பச்சைப் பூண்டு யாவும் களையே என்பது குடியானவர் பலருடைய எண்ணம். அசோலா என்னும் சிறு நீர்ப்பெரணி அதற்கு விலக்காகும். அதன் வமிசம் மிகப் புராதனமானது. மத்தியப் பிரதேசத்தில், முன்பு சிந்துவாடா ஜில்லாவைச் சேர்ந்திருந்த சாஸர் என்னும் ஊரருகே, எரிமலைக் குழம்பு இறுகிய பாறை அடுக்குகளுக்கு நடுவில் பழைய ஏரிகளின் படிவுகள் உள்ளன. ஜலத்தில் கரைந்திருந்த சிலிகா செடிகளினுள் புகுந்து அவற்றைக் கல்லாக்கிற்று. பேராசிரியர் பீர்பல் சாஹ்னியும் எச். எஸ். ராவும் 1930-களிலும் 1940-களிலும் அக்கற்களை ஆராய்ந்து, அவற்றில் அசோலாவைக் கண்டனர். அவற்றின் வயது ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். டைனோசார்கள் அழிந்தொழிந்த காலமும் அதுவே.

ராயக்கோட்டைப் பாறைகளில் இத்தகைய சுவடுகளைத் தேடுவது வீண். அவை 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. செடிகொடிகள் தோன்றுமுன்பே உண்டானவை. ஆயினும் இங்குள்ள கல்லில் கிடையாத அச்செடியின் இனத்தை இங்குள்ள தொட்டியில் உயிருடன் வளர்க்கலாம்.

அசோலாவின் இலைக்குழிகளில் வாழும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துத் தழைச்சத்தாக அதற்கு அளிக்கிறது. ஆகவே நெல்வயலில் வளர்த்துச் சேற்றில் மிதித்துவிட்டால் அது உரமாகும். உலர்ந்த எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதமாதலின், நன்கு கழுவித் தவிட்டுடன் கலந்து கறவை மாடுகளுக்கும் அளிக்கலாம்.

ஆனால் இச்செடி ஜலத்திலுள்ள ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஓசூர்ப் பக்கத்தில் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. தென்பெண்ணையில் கழிவு கலந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியதை அண்மை ஆண்டுகளில் பலரும் கண்டனர். அத்தகைய ஜலத்தில் வளர்ந்த அசோலாவை மாட்டுக்கு இடுவது உசிதமன்று. தீவனத்தில் சேர்ந்த நஞ்சு பாலுக்கும் வரக்கூடும்.

நீர்ப்பூண்டுகளை அடியோடு நீக்கவேண்டும் என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஏரி முழுவதும் மூடினால் மீன்களுக்கு வெளிச்சமும் காற்றும் குறையும். ஆதலின் அசோலாவை ஏரியிலும் குடிஜலக் குளத்திலும் விடாமல், நிழலுள்ள தனித் தொட்டியில், பரிசோதித்த கிணற்று ஜலத்தில் வளர்ப்பதே முறை. கிராம அதிகாரிகள் ஆகாயத்தாமரையை அகற்றுவதுடன் நில்லாது, ஏரிக்கு வரும் கழிவையும் தடுத்தல் அவசியம். ஜலம் கெட்டால் இந்த நற்செடியும் கேடே விளைக்கும்.