யாருக்கு என்ன தொழில்? கணக்கு இருக்கிறதா?



உங்கள் முஹல்லாவில் எத்தனை தலைக்கட்டு என்று கேட்டால் ஜமாஅத் நிர்வாகி நோட்டைப் புரட்டி உடனே சொல்லிவிடுவார். சந்தா பாக்கி யாரிடம் என்பதும் அதில் இருக்கும். ஆனால் அந்த வீடுகளில் யார் என்ன தொழில் செய்கிறார்கள், எத்தனை இளைஞர்கள் வேலையின்றி நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது!

தஞ்சைத் தரணியில் நாம் ஒரே தொழிலை நம்பி வாழ்ந்த சமுதாயம் அல்ல. திருவாரூரில் கொடிக்கால்பாளையம் என்று ஊர்ப் பெயரே வெற்றிலைக் கொடிக்காலைச் சொல்கிறது. கூத்தாநல்லூர்காரர்கள் மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று கடல் கடந்து வணிகம் செய்தார்கள். அதிராம்பட்டினத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் தென்னையும் கடலும் சோறு போட்டன. கொள்ளிடக் கரைக்கு அருகே தைக்காலில் பிரம்பும் பாயும் பெயர் பெற்றவை.

இன்று எந்த வாலிபரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: விசா! உழைக்க வெளிநாடு போவது குற்றமல்ல. ஆனால் 1990ல் குவைத் போர் மூண்டது. 2013ல் சவூதியில் நிதாகத் சட்டம் இறுகியது. 2020ல் கொரோனா வந்தது. ஒவ்வொரு முறையும் நம் பிள்ளைகள் பெட்டியோடு திரும்பினார்கள். யாருக்கு என்ன வேலை தெரியும், யாரை எந்தக் கடையில் அமர்த்தலாம் என்று சொல்ல எத்தனை ஜமாஅத்களிடம் பட்டியல் இருந்தது? 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, தோப்பின் சொந்தக்காரர் பெயர் பட்டாவில் இருந்தது. காய் பறித்தவர், மட்டை உரித்தவர் பெயர் எங்கே இருந்தது?

அரசாங்கக் கணக்கு இருக்கிறதே என்பீர்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு உழைப்பவர்களை நான்காகப் பிரித்தது: சாகுபடி செய்வோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழில் செய்வோர். மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், பள்ளிவாசல் இமாம் எல்லோரும் அந்த ‘பிற’வுக்குள் அடக்கம்! வெளிநாட்டில் இருப்பவர் கணக்கிலேயே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக்குள் பாய் முடையும், துணி தைக்கும் நம் பெண்கள், கணக்கெடுப்பாளர் கேட்டால் ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்கிறார்கள். உழைப்பவர், உழைக்காதவராகப் பதிவாகிறார். குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உதவுவதும் அரசின் கணக்கில் வேலைதான் என்பது நமக்கே தெரியவில்லை.

கணக்கின் பலம் என்ன? 2006ல் சச்சார் குழு, முஸ்லிம்கள் சொந்தச் சிறுதொழிலில் அதிகமாகவும் மாதச் சம்பள வேலையில் குறைவாகவும் இருப்பதை எண்களோடு எடுத்து வைத்தது. மேடையில் பல்லாண்டு முழங்கியதை அந்த எண்கள் மறுக்க முடியாத உண்மையாக்கின. 2007ல் தமிழகத்தில் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பயன்படுத்தவும், எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று தெரிய வேண்டாமா?

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று 2025ல் மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன் நம் கணக்கை நாமே எடுப்போம்.

இளைஞர்களே! தெருவுக்கு இருவர், ஆளுக்கு ஒரு நோட்டு, நான்கு வெள்ளிக்கிழமைகள் போதும். பெயர், வயது, படிப்பு, தெரிந்த வேலை, இப்போது செய்யும் வேலை, தேவைப்படும் உதவி ஆகிய ஆறு விவரங்களை எழுதுங்கள். பெண்களின் உழைப்பையும் எழுதுங்கள். ஒருவரது வருமானத்தைத் துருவிக் கேட்காதீர்கள். எழுதியதைத் தெருவில் பேசாதீர்கள்.

வியாபாரிகளே! கடைக்கு ஆள் இல்லை என்று நீங்கள் புலம்புகிறீர்கள். வேலை இல்லை என்று அடுத்த தெருப் பையன் புலம்புகிறான். இருவருக்கும் நடுவே இல்லாதது அந்த ஒரு நோட்டுதான். ஆள் தேவை என்பதையும் அதில் பதியுங்கள். கௌரவமான கூலி கொடுங்கள்.

கைத்தொழில் கேவலமில்லை. தாவூத் நபி கவசம் செய்து உண்டவர். நோட்டைத் திறங்கள். முதல் வரியில் உங்கள் பெயரையும் உங்கள் தொழிலையும் எழுதுங்கள்!