உண்டியலில் இருப்பது புதையலா, வெறும் சில்லறையா?

"இந்த 50 காசு உங்ககிட்ட இருக்கா? பல்லாயிரம் வெள்ளி கிடைக்கும்!"

இந்த மாதிரிக் காணொளி உங்கள் டிக்டாக்கிலும் வந்திருக்கும். உடனே உண்டியலைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றும். பார்க்கலாம், தப்பே இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு தேடினால் இன்னும் நல்லது.

ஆண்டு இல்லாத நாணயம்

சில்லறையில் உண்மையிலேயே கிடைத்த பிழை நாணயங்களில் பிரபலமானது பிரிட்டனின் 20 பென்ஸ்.

2008இல் அதன் வடிவமைப்பு மாறியது. அதுவரை ரோஜாப்பூ உள்ள பக்கத்தில் ஆண்டு இருந்தது. புதிய நாணயத்தில் அது அரசியாரின் முகம் உள்ள பக்கத்துக்கு மாறவேண்டும். ஆனால் ஒரு தொகுதிக்கு மட்டும் பழைய முக அச்சையும் புதிய கேடய அச்சையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஆக, எந்தப் பக்கத்திலும் ஆண்டு இல்லை! பிரிட்டனில் 300 ஆண்டுக்கு மேலாக நடக்காத விஷயம் அது.

2009இல் விஷயம் வெளியானதும் ஈபேயில் ஆயிரக்கணக்கான பவுண்ட் கேட்டார்கள். கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு. பிறகு அது பொதுவாக 50 முதல் 100 பவுண்ட் வரைதான் போனது.

பிழையே இல்லாத ஒரு நாணயம் அதைவிட அதிக விலைக்குப் போகிறது. கியூ பூங்கா படம் போட்ட 2009ஆம் ஆண்டின் 50 பென்ஸ்தான் அது. மொத்தமே 210,000 அச்சடிக்கப்பட்டன. தேடுகிறவர்களோ ஏராளம். விலை அங்கேதான் ஏறுகிறது.

பிழையா, சேதமா?

நாணயச் சாலையில் வெற்றுத் தகட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். தகடு நகர்ந்தாலோ, அச்சில் விரிசல் விட்டாலோ, வேறு நாணயத்துக்கான தகடு உள்ளே வந்தாலோ, அது பிழை. சாலையை விட்டு வெளியே வந்தபிறகு வளைந்தது, தேய்ந்தது, நிறம் மாறியது எல்லாம் வெறும் சேதம். நம் 1 வெள்ளி நாணயத்தில் வளையமும் நடுப்பகுதியும் தனித்தனி. யாராவது தட்டி நடுப்பகுதியை நகர்த்திவிட்டு "அரிய பிழை" என்றும் விற்கலாம், கவனம்!

பழசும் அரியதும் ஒன்றல்ல. 1 காசு நாணயம் வெளியிடுவது 2002இல் நின்றது. இன்னும் பல வீட்டு டப்பாக்களில் அது கிடக்கிறது.

பணம் கேட்டால்?

பெரிய சிக்கல் இங்கேதான். "உங்கள் நாணயத்தை விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் இதுபற்றி எச்சரித்தது. அதன் பெயரையும் சின்னத்தையும் காட்டியே கட்டணம், கமிஷன், வரி என்று மோசடிக்காரர்கள் கேட்டார்களாம். நாணயத்தை விற்கப்போவது நீங்கள். நீங்கள் எதற்கு முதலில் பணம் கட்டவேண்டும்?

வித்தியாசமாக ஒன்று கிடைத்துவிட்டதா? தேய்த்துக் கழுவாதீர்கள், மதிப்பு போய்விடும். அதே ஆண்டின் சாதாரண நாணயத்தோடு ஒப்பிட்டு எடை பாருங்கள். அப்புறம் நாணய வியாபாரிகள் இரண்டு, மூன்று பேரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள்.