துறைமுகம் திறந்ததும் கப்பல் திரும்ப வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் குடும்பத்தோடு கரீபியன் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தார். சூறாவளியில் துறைமுகம் சேதமாகிவிட்டது, அதனால் வேறு தீவுக்குப் போகிறோம் என்று கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. "பணத்தை வாங்கிக்கொண்டு ஊரை மாற்றுவது என்ன நியாயம்?" என்று அவர் கேட்டார். "வீடிழந்து நிற்கிற ஜனங்களிடம் போய் உல்லாசப் பயணம் கேட்கிறதா?" என்று இன்னொரு மாணவி திருப்பிக் கேட்டார். அப்புறம் நாற்பது ஐம்பது செய்திகள். "சார், நீங்கள் சொல்லுங்கள்" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயல் நேரத்தில் கப்பல் வழி மாறுவது சரி. அதற்காகக் கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஆனால் துறைமுகம் சீரான பிறகும் கப்பல் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தால், அங்கேதான் அநியாயம் தொடங்குகிறது. "பாவம், அந்த ஊருக்குப் போக வேண்டாம்" என்று இரக்கப்படுகிற நாமும் அந்த அநியாயத்துக்குத் துணை போகிறோம்.

2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் சொல்வேனே, வரைபடத்தை மனதில் விரித்துக்கொள்ளுங்கள் என்று. மயாமியிலிருந்து புறப்படும் ஏழு நாள் சுற்றுலாவுக்குப் பொதுவாக இரண்டு வழிகள். கிழக்கு வழியில் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். மேற்கு வழியில் மெக்சிகோவின் கொசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று இர்மா என்ற சூறாவளி மணிக்கு 290 கிலோமீட்டருக்கும் மேலான காற்றோடு செயின்ட் மார்ட்டினையும் செயின்ட் தாமஸையும் அடித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 18 இரவு மரியா என்ற அடுத்த சூறாவளி டொமினிக்காவைச் சிதைத்தது. 20ஆம் தேதி அது போர்ட்டோ ரிக்கோவில் கரையேறியது. கிழக்கு வழியின் முக்கியத் துறைமுகங்கள் ஒரே மாதத்தில் படுத்துவிட்டன. கம்பெனிகள் கப்பல்களை மேற்கே திருப்பின.

திருப்பாமல் என்ன செய்வார்கள்? துறைமுகம் என்றால் கப்பலைக் கட்டிவைக்கிற மேடை மட்டும் இல்லை. இன்றைய பெரிய கப்பல்களில் 5,000 பேருக்கு மேல் பயணம் செய்கிறார்கள். அந்தக் கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் சுமார் 9 மீட்டர் ஆழத்துக்குப் போகும். புயலுக்குப் பிறகு வாய்க்காலில் படகு மூழ்கிக் கிடக்கலாம், கன்டெய்னர் விழுந்து கிடக்கலாம், மணல் குவிந்திருக்கலாம். வழிகாட்டும் மிதவைகள் இடம் பெயர்ந்திருக்கும். ஆழத்தை மறுபடி அளந்து பார்க்காமல் எந்தக் கேப்டனும் உள்ளே வரமாட்டார், வரவும் கூடாது. அதோடு, முதல் சில வாரங்களுக்கு அந்த மேடை தண்ணீரும் மருந்தும் ஜெனரேட்டரும் கொண்டுவரும் கப்பல்களுக்குத்தான் வேண்டும். சுற்றுலாக் கப்பல் அப்போது ஒதுங்கிப் போவதே உதவி.

சில கப்பல்கள் ஒதுங்கியதோடு நிற்கவில்லை. ராயல் கரீபியன் நிறுவனம் 'அட்வென்ச்சர் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பலின் பயணம் ஒன்றை ரத்து செய்து, போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வர்ஜின் தீவுகளிலிருந்தும் சுமார் 3,800 பேரை ஏற்றி ஃபுளோரிடாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ரத்தான அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தவர்களின் விடுமுறை அதற்காகத்தான் கைவிட்டுப் போனது.

ஒப்பந்தத்தையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். டிக்கெட் வாங்கும்போது யாரும் படிப்பதில்லை, "சம்மதம்" என்று தட்டிவிட்டுப் போகிறோம். எந்தத் துறைமுகத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். அதற்காக நஷ்டஈடு கேட்க முடியாது. போகாத துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் மட்டும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அதனால் கப்பலில் வரவேற்பு மேசையில் நிற்கிற பிள்ளையிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள். கப்பல் ஊழியர்களில் கரீபியன் தீவுக்காரர்களும் உண்டு. உங்கள் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறவரின் வீட்டுக் கூரையே பறந்து போயிருக்கலாம்.

இதுவரை கம்பெனியின் பக்கம் பேசினேன். இனி தீவின் பக்கம்.

சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. கப்பல் சுற்றுலா உச்சத்தில் இருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் அடிபட்ட தீவுக்கு மூன்று மாத அவகாசம்தான். அதற்குள் எழுந்து நிற்காவிட்டால் அந்த ஆண்டின் வருமானமே போயிற்று. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அறுப்புக்கு மூன்று மாதம் முன்னால் வெள்ளம் வந்தது போல. பயணிக்கு நஷ்டம் ஒரு நாள். டாக்ஸி ஓட்டுகிறவருக்கும், படகில் பவளப்பாறை காட்டுகிறவருக்கும், கரையோரம் தொப்பி விற்கிற அம்மாவுக்கும் நஷ்டம் ஒரு வருஷம்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது பலருக்குத் தோன்றாத விஷயம். விமானத்தில் வரும் சுற்றுலாப் பயணிக்குத் தீவில் அறை வேண்டும், மின்சாரம் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். கப்பலில் வருகிறவரோ கட்டிலையும் சமையலறையையும் குடிதண்ணீரையும் கூடவே கொண்டுவருகிறார். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுகிறார். 2017 புயல்களுக்குப் பிறகு செயின்ட் மார்ட்டினிலும் செயின்ட் தாமஸிலும் பெரிய ஹோட்டல்கள் பல ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. ஆனால் செயின்ட் தாமஸுக்கு அந்த நவம்பரிலேயே, செயின்ட் மார்ட்டினுக்கு டிசம்பரில், கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. ஹோட்டல் இல்லாத ஊரில் முதலில் காசு புழங்கவைக்கக் கூடியது கப்பல்தான். அடிபட்ட தீவுக்கு அது நடைவண்டி மாதிரி. குழந்தை நடக்கப் பழகும் நேரத்தில் அதைப் பிடுங்கலாமா?

கப்பல் திரும்பாமலே போய்விடுமா என்று கேட்பீர்கள். போனது எப்போதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. டொமினிக்காவில் 1978இல் தொடங்கப்பட்ட ராஸ் மருத்துவப் பல்கலைக்கழகம் அந்தச் சின்னத் தீவின் பொருளாதாரத்துக்குப் பெரிய தூண்களில் ஒன்று. மரியா புயலுக்குப் பிறகு வகுப்புகளைத் தற்காலிகமாக வெளியே கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் செயின்ட் கிட்ஸில் ஒரு கப்பலிலேயே பாடம் நடந்தது, பிறகு அமெரிக்காவில் நடந்தது. 2019இல் பார்படோஸுக்கே நிரந்தரமாகக் குடிபோய்விட்டார்கள். நிறுவனத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். புயலின் மொத்தச் சேதம் டொமினிக்காவின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் 226 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இரண்டேகால் வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் போயிற்று. அதற்கு மேல் இதுவும்.

இது நமக்குத் தெரியாத கதை இல்லை. சென்னையிலிருந்து ரயிலில் போய், தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிய தலைமுறை இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களும்தான் இருக்கின்றன. அங்கே கடல் ஊரையே கொண்டுபோனது, வேறு வழியில்லை. ஊரும் ஜனங்களும் இன்னும் நிற்கிற இடத்தில், கப்பல் மட்டும் மாறிப் போவது வேறு விஷயம்.

எதிர்ப்பக்க வாதங்களையும் ஒதுக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்கள் கடலை அசுத்தமாக்குகின்றன, சின்ன ஊரில் ஒரே நாளில் பல்லாயிரம் பேரைக் கொட்டுகின்றன, தங்கிப் போகிறவர்கள் செலவழிப்பதில் கொஞ்சம்தான் கப்பல்காரர்கள் செலவழிக்கிறார்கள் என்பார்கள். எல்லாம் உண்மை. கப்பலை மட்டும் நம்பி ஒரு தீவு வாழ்வது நல்லதல்ல என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் திருத்த வேண்டிய நேரம், அந்த ஊர் தன் காலில் நிற்கும்போது. கூரையில் தார்ப்பாய் கட்டியிருக்கும் வீட்டுக்காரரிடம் போய் "வேறு தொழில் பாருங்கள்" என்று சொல்வது அறிவுரை ஆகாது.

"துன்பப்படுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் போவதா?" என்று கேட்ட மாணவியின் மனசு நல்ல மனசு. அம்மா, மின்கம்பத்தையும் இடிந்த வீட்டையும் படம் எடுத்துப் போட்டால்தான் அது வேடிக்கை. துறைமுகத்தைத் திறந்து "வாருங்கள்" என்று அந்த ஊரே அழைத்த பிறகு, போய்ச் சாப்பிட்டு, வண்டி ஏறி, நாலு சாமான் வாங்கி வருவது வியாபாரம். அவர்கள் கேட்பது பரிதாபத்தை அல்ல, வாடிக்கையாளரை.

கரீபியன் கடலின் பரப்பு 25 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒரு மூலையில் புயல் அடித்தால் மறுமூலையில் வெயில் காயும். ஆனால் "கரீபியனில் புயல்" என்று செய்தி வந்ததும் எல்லாத் தீவுக்கும் போட்ட பயணத்தை ரத்து செய்கிறவர்கள் உண்டு. டொமினிக்காவையும் டொமினிக்கன் குடியரசையும் ஒன்றாக நினைக்கிறவர்களும் உண்டு. அவை இரண்டும் வேறு வேறு நாடுகள். புவியியல் வாத்தியாருக்கு இது கேட்கவே பொறுக்காது.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்.

ஒன்று: கம்பெனி வழியை மாற்றினால், "ஏன் மாற்றினீர்கள்?" என்று சண்டை போடுவதை விட, "எப்போது திரும்பிப் போவீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். பல கம்பெனிகள் பஹாமாஸ் பகுதியில் சொந்தமாகவோ குத்தகைக்கோ தனித்தீவுகள் வைத்திருக்கின்றன. பொதுத் துறைமுகத்துக்குப் பதில் அங்கே இறக்கிவிட்டால் பயணியின் காசு பெரும்பாலும் கம்பெனியின் பையிலேயே தங்கிவிடும். அதனால் திரும்பிப் போகும் அவசரம் அவர்களுக்குக் குறைவு. அந்த அவசரத்தை உண்டாக்க வேண்டியவர்கள் பயணிகள்தான்.

இரண்டு: போகாத துறைமுகத்தின் கட்டணம் உங்கள் கணக்கில் திரும்ப வரும் என்றேனே, அது உங்களுக்குச் சின்னத் தொகை. ஒரு வேளை காபிச் செலவு, கொஞ்சம் கூட இருக்கலாம். அந்தப் பணம் முறைப்படி அந்தத் தீவுக்குப் போயிருக்க வேண்டியது. அதை அந்தத் தீவின் நிவாரணத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கம்பெனிகளே "இந்தத் தொகையைத் தீவுக்குக் கொடுக்கச் சம்மதமா?" என்று மின்னஞ்சலில் ஒரு பொத்தான் வைக்கலாம். ஆயிரக்கணக்கான பேர் தட்டினால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையாவது தேறும்.

மூன்று: அடுத்த ஆண்டு பயணம் போடுகிறவர்கள், எழுந்து நிற்க முயலும் தீவு இருக்கிற வழியாகப் பார்த்துப் போடுங்கள். இறங்கியதும் துறைமுக வாசலில் இருக்கிற பளபளப்பான நகைக்கடையோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளூர் டாக்ஸியில் ஏறுங்கள், உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு பூங்கா மூடியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

கம்பெனிக்கு வழியை மாற்ற உரிமை உண்டு என்று ஒப்பந்தம் சொல்கிறது. திரும்பி வரக் கடமையும் உண்டு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. எத்தனையோ ஆண்டு நல்ல காலத்தில் அந்தத் தீவின் வெயிலையும் மணலையும் விற்றுச் சம்பாதித்தவர்கள், கெட்ட காலம் முடிந்ததும் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும். உறவுக்காரர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே?

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கப்பலில் வேலை பார்த்த நம் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், நீங்கள் அவசியம் எழுத வேண்டும். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழை மட்டும் இருக்கக் கூடாது!

அன்புடன்,
உங்கள் புவியியல் ஆசிரியர்