காகத்திற்கு ஒரு பிடி அன்னம் போதும்

இந்துக்களின் இல்வாழ்வோடு காகத்தைப் போல் இணைந்துவிட்ட பறவை வேறில்லை எனலாம். அது சனீஸ்வர பகவானின் வாகனம். அமாவாசையிலும் திதி நாளிலும் முன்னோரை நினைந்து, முதற்பிடி அன்னத்தைக் காகத்திற்கு வைத்த பின்னரே இல்லத்தார் உண்பர். கெடா தோட்டப்புற லயன்களில் காக்கப்பட்ட இவ்வழக்கம், சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் தொடர்கிறது.

சாம்பல் நிறக் கழுத்துடைய ஊர்க்காகம் இந்நாட்டு மண்ணுக்குரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களைப் பாழ்படுத்திய புழுக்களை ஒழிப்பதற்காக அது இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. பின்னர் காப்பி மறைந்து ரப்பர் வந்தது; காகமோ இங்கேயே நிலைத்துப் பெருகியது.

மனிதரை விட்டு விலகி வாழும் இயல்பு ஊர்க்காகத்திற்கு இல்லை. மனிதர் எறியும் உணவே அதன் பெருக்கத்திற்கு மூலகாரணம். அளவுக்கு மீறிப் பெருகியதும், சுகாதாரம் கருதி நகராண்மைக் கழகங்கள் துப்பாக்கியை நாடுகின்றன. கிள்ளானில் காகங்களைச் சுட்டு வீழ்த்தும் நடவடிக்கைகள் பலமுறை நடந்துள்ளன.

இவ்விடத்தில் ஆலய நிர்வாகங்கள் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. திருவிழாக் காலங்களில் அன்னதானம் முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் எச்சில் இலைகளும் மீந்த சோறும் மலைபோல் குவிகின்றன. மூடியில்லாத தொட்டிகளைக் காகங்கள் கிளறி, வீதியெங்கும் இறைக்கின்றன. ‘வாயில்லா ஜீவன் உண்ணட்டுமே, அதுவும் தருமந்தானே’ என்பார் சிலர். முன்னோருக்கென வைக்கப்படுவது எவர் வாயும் படாத முதலன்னம். எச்சிலை அதற்கு ஈடாகக் கருதுவது எவ்வாறு பொருந்தும்? மேலும், அவ்வாறு ஊட்டி வளர்க்கப்படும் பறவையே பின்னர் குண்டடிபட்டு மடிகிறது. அப்பாவத்தில் குப்பையைத் திறந்து போட்டவர்க்கும் பங்குண்டு.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கேட்டறிந்து அளவாகப் பரிமாறலாம். இலைகளை உடனுக்குடன் மூடியுள்ள தொட்டிகளில் சேர்க்க இளைஞர் அணியினரை நியமிக்கலாம். காகம் பகலில் இரை தேடும் பறவையாதலால், குப்பையை மறுநாள் விடியும் வரை திறந்து வைக்காமல் அன்றிரவே அகற்றிவிடுதல் நலம். அன்னதான உபயகாரர்கள் துப்புரவுச் செலவையும் உபயத்தில் சேர்த்துக் கொள்வார்களாயின் அப்புண்ணியம் முழுமை பெறும்.

காகத்திற்கு வைக்கும் பிடியன்னம் தொடரட்டும். ஆலய வாயிலில் குவியும் எச்சில் இவ்வாண்டுத் திருவிழாவோடு ஒழியட்டும்.