பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் மூச்சு

மேட்டுக்காணிக்கும் பள்ளக்காணிக்கும் ஒரே அளவு பசளை இடுமாறு கண்டாவளை விவசாயியிடம் சொன்னால் அவர் நகைப்பார். வயலுக்கு அவர் காட்டும் அந்த விவேகத்தை, தொய்வு நோயால் மூச்சிரைக்கும் அவருடைய பிள்ளைக்கு எமது வைத்திய ஏற்பாடு காட்டுகின்றதா? அதுவே எமது கேள்வி.

ஒவ்வாமையால் வரும் தொய்வு பெயரில் ஒன்று. பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஒரு பிள்ளைக்குத் தலையணையில் வாழும் தூசுச் சிற்றுண்ணி பகை; இன்னொன்றுக்குச் சூடடிப்பின் தூசி; மற்றொன்றுக்கு மாரியில் ஈரச்சுவரிற் படரும் பூஞ்சணம்.

மேல்நாடுகளில் ஆளறிந்து மருந்தளிக்கும் முறை வெகுதூரம் வளர்ந்துவிட்டது. 2003இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒமலிசுமாப் என்னும் ஊசிமருந்தின் அளவு, நோயாளியின் உடல் நிறையையும் இரத்தத்திலுள்ள ஐஜிஈ என்னும் புரதத்தின் அளவையும் கொண்டே நிச்சயிக்கப்படுகின்றது. அதன் விலையோ ஏழைக்கு எட்டாதது.

ஆயின், முதற்படிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. காற்றுப் புகாது பொருத்தப்பட்ட 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் வழியாகப் ‘பம்’ மருந்தைக் கொடுத்தாலும், விலைக்கு வாங்கும் கருவிக்கு நிகரான பயன் சிறுவர்க்குக் கிட்டுமென 1999இல் தென்னாபிரிக்க வைத்தியர்கள் காட்டினர். அக்கறை இருந்தால் வெற்றுப் போத்தலும் கருவியாகும் அன்றோ!

நாம் கேட்பன மூன்று. எந்த மாதத்தில், எந்த இடத்தில், எதனால் முட்டு எழுந்ததென்று பதியும் குறிப்பேடு பிள்ளைக்கு ஒன்று வேண்டும். வரும்போதெல்லாம் பிள்ளை பம்மை இழுக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்தவேண்டும். நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து எது, முட்டு எழும்போது எடுக்கும் மருந்து எது, எந்நிலையில் ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும் என்பவற்றைத் தாய்க்குத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். இவை தர்மபுரம் வைத்தியசாலையிலேயே நடைபெறக்கூடியவை. 2022இல் நாடு பட்ட மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. தடுப்பு மருந்தின் இருப்பு ஒருநாளும் குறையலாகாது.

பெற்றோர்க்கும் கடமையுண்டு. ‘பம் பழகிவிடும்’ என்ற வீண் அச்சத்தால், சுகங்கண்டவுடன் தடுப்பு மருந்தை நிறுத்துதல் தவறு. பிள்ளையின் அருகே வைக்கோலையும் குப்பையையும் எரித்தல் அதனினும் தவறு.

இலவச வைத்தியம் என்பது எல்லோர்க்கும் ஒரே குளிசையை அள்ளிக்கொடுப்பதன்று. ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்து மருந்தளிப்பதே வைத்தியம். தலைநகரின் பிள்ளைக்கு அது உரியதாயின், கண்டாவளைப் பிள்ளைக்கும் உரியதே. நாம் இரப்பது சலுகையன்று, கேட்பது உரிமை.