ஜூம் எண்ணை மட்டும் பார்த்து கேமரா வாங்காதீங்க!

மாவட்ட அளவிலான 400 மீட்டர் ஓட்டம். கேலரியில் நின்றபடி மகள் ஓடுவதை மொபைலில் வீடியோ எடுக்கிறார் அம்மா. வீட்டுக்கு வந்து, கட்டிலை விட்டு எழ முடியாத பாட்டிக்குப் போட்டுக் காட்டுகிறார். ‘‘இதுல நம்ம புள்ள எது?’’ என்று கேட்கிறார் பாட்டி. எதிர்ப்பக்கம் ஓடும் எட்டுப் பேரும் எட்டுப் புள்ளிகளாகத்தான் தெரிகிறார்கள்.

அதே பெண்ணுக்கு அடுத்த மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். அதற்கும் பாட்டியால் வர முடியாது. சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது. ‘மைதானத்துக்கும் மண்டபத்துக்கும் சேர்த்து ஒரே வீடியோ கேமரா வாங்கிடலாம்’ என்று முடிவு செய்கிறது குடும்பம். பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது.

கடைக்குப் போனால், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது ஜூம் எண். சறுக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

மைதானத்துக்கு எவ்வளவு ஜூம்?

ஜூமில் இரண்டு வகை. லென்ஸே நகர்ந்து தூரத்தில் இருப்பதை அருகே கொண்டுவருவது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். பெட்டியில் நூற்றுக்கணக்கில் போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதை மறந்துவிடலாம்.

முறைப்படி அமைந்த 400 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு நேர்ப்பாதைகளுக்கும் நடுவே 73 மீட்டர் இடைவெளி. ஆக, எதிர்ப்பக்கம் ஓடுபவர் சுமார் 80 மீட்டர் தள்ளி இருப்பார். 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருந்தாலே, அந்தத் தூரத்தில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் அகலம்தான் திரையில் தெரியும். ஓடுபவரின் கால் வைப்பைக்கூடப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால், கை லேசாக நடுங்கினாலும் ஆள் திரையை விட்டே ஓடிவிடுவார். ஜூமைவிட, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம். கூடவே ஒரு ட்ரைபாட்.

‘அகலமாக எடுக்குமே’ என்று ஆக்‌ஷன் கேமரா வாங்குவதும் இங்கே உதவாது. சைக்கிளிலோ ஹெல்மெட்டிலோ மாட்டத்தான் அது சரி. கேலரியிலிருந்து எடுத்தால் மறுபடியும் எட்டுப் புள்ளிகள்தான்.

மண்டபத்தில் தெரியும் சாயம்

வெயிலில் எந்த கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். கேமராவின் உண்மையான தரம் மங்கிய வெளிச்சத்தில்தான் தெரியும். வெளிச்சத்தை வாங்குவது உள்ளே இருக்கும் சென்சார். அது சிறியதாக இருந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் வரும்.

இரண்டு மாடல்களை ஒப்பிட்டால் புரியும். சோனி எச்.டி.ஆர் சி.எக்ஸ் 405-ல் ஜூம் 30 மடங்கு. சென்சார் அளவு 1/5.8. பானசோனிக் எச்.சி வி 785-ல் ஜூம் 20 மடங்குதான். ஆனால், சென்சார் 1/2.3. கீழே இருக்கும் எண் குறைந்தால் சென்சார் பெரிது என்று அர்த்தம். இரண்டாவதில் வெளி மைக் செருகவும் வழி உண்டு, முதலாவதில் இல்லை. ஜூம் எண்ணை மட்டும் பார்ப்பவர், மண்டபத்துக்குப் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜூம் செய்யச் செய்ய லென்ஸ் வாங்கும் வெளிச்சம் குறையும். எஃப் 1.8-ல் தொடங்கி முழு ஜூமில் எஃப் 4-க்குப் போகும் லென்ஸ் என்றால், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். எனவே, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜூம் செய்வதைவிட, அனுமதி கேட்டு முன்வரிசை ஓரத்தில் இடம்பிடிப்பது நல்லது. மண்டபத்தில் நம் கால்கள்தான் காசில்லாத ஜூம்!

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடையில் எப்போதும் பளிச்சென்று விளக்கு எரியும். அங்கே எதுவும் அழகாகத்தான் தெரியும். சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோய், மேஜைக்கு அடியில் இருக்கும் இருட்டைக் காட்டி இரண்டு நிமிடம் எடுத்து வாருங்கள். வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பழையது வாங்கினால், லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருந்தால் சிலந்தி வலைபோல் தெரியும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வேண்டாம். டேப் போடும் மாடல்களும் வேண்டாம். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவதே பெரும்பாடு. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பணம் முழுவதையும் கேமராவிலேயே போட்டுவிடக் கூடாது. ட்ரைபாட், கூடுதல் பேட்டரி, கார்டு ஆகியவற்றுக்கும் எடுத்து வைக்க வேண்டும். 50 எம்.பி.பி.எஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 22 ஜி.பி ஆகும். இரண்டரை மணி நேர அரங்கேற்றத்துக்கு 64 ஜி.பி கார்டு மட்டுமட்டு. 128 இருந்தால் நிம்மதி.

இரண்டு செட்டிங்

மைதானத்தில் ஷட்டர் வேகத்தை 1/500-ல் வைத்தால், வீடியோவை நிறுத்திப் பார்க்கும்போது கால்கள் கலங்காமல் தெரியும். தவறைத் திருத்த கோச்சுக்கும் உதவும். மண்டபத்தில் 1/50-க்கு இறக்கிவிட வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு மினுக்கலும் இதில் குறையும். மேடை விளக்கில் முகம் வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் போதும்.

அந்தக் குடும்பம் கடைசியில் வாங்கியது, ஜூம் குறைவான, சென்சார் பெரிதான, ஒருவர் பயன்படுத்திய கேமராவை. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஓட்டப் போட்டி அடுத்த வருஷமும் வரும். அரங்கேற்றம் ஒரு தடவைதான்.

அரங்கேற்றம் முடிந்த மறுநாள், கட்டிலுக்கு எதிரே டிவியில் வீடியோ ஓடியது. பாட்டி இந்த முறை ‘எது நம்ம புள்ள’ என்று கேட்கவில்லை. ‘‘கண்ணுல மை கொஞ்சம் கலைஞ்சிருக்கே... யாரும் கவனிக்கலையா?’’ என்றுதான் கேட்டார்.